எல்லையோரச் சிறுகடைக்கு ஃபோன் வழியாக வியாபாரம் பிடிப்பது எப்படி: களியக்காவிளையிலிருந்து ஒரு வழிகாட்டி

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் கடை. நானும் அம்மாவும் பார்த்துக்கொள்கிறோம். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், இரண்டு மூன்று கிலோமீட்டரில் பாறசாலை, இந்தப் பக்கம் குழித்துறை தாண்டினால் மார்த்தாண்டம். கூகுள் மேப், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றிலும் கடையை ஒழுங்காக நிறுத்த எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. வரிசை தெரிந்திருந்தால் ஆறு வாரத்தில் முடிந்திருக்கும். நான் தலைகீழாகப் போனேன். முதலில் விளம்பரத்துக்குப் பணம் கட்டினேன், கடைசியில்தான் பேப்பர் வேலைக்கு வந்தேன். அதில் போன பணத்தைவிட, ஒரு ஓணம் சீசன் முழுவதும் கையை விட்டுப் போனதுதான் வலிக்கிறது.

பேக்கரி, தையல் கடை, பூக்கடை, வீட்டிலேயே செய்யும் பலகாரம் என எதுவானாலும், செங்கோட்டையோ கம்பமோ களியக்காவிளையோ, எல்லைக்குப் பக்கத்தில் கடை வைத்திருப்பவர்கள் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

1. பேப்பர் வேலையை முதலில் முடியுங்கள்

வீடியோ எடுக்கும் ஆசையில் இதைத் தள்ளிப் போடாதீர்கள். ஒரு ரீல் நன்றாக ஓடினால் மறுநாளே "திருவனந்தபுரத்துக்கு அனுப்புவீங்களா?" என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் முறையாக பில் போட வழி இல்லையென்றால் வந்த ஆளைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

உணவுப் பொருள் என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு கட்டாயம். ஃபோஸ்கோஸ் என்ற அரசுத் தளத்தில் நீங்களே போடலாம். சிறு தயாரிப்பாளருக்கான பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். நான் ஐந்து ஆண்டுக்குச் சேர்த்து 500 கட்டினேன். ஃபோட்டோ, அடையாள அட்டை, கடை முகவரிக்கு ஆதாரம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஏழு நாளில் பதிவு வரும், அல்லது நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வரும். பார்வையிட வந்தால் ஒரு மாதம் வரை இழுக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டிலும் பில்லிலும் போடுங்கள். முகப்புப் படத்துக்கு எடுக்கும் பாக்கெட்டில் அந்த எண், எடை, விலை, தயாரித்த தேதி எல்லாம் தெளிவாகத் தெரியட்டும். அந்நிய ஊர்க்காரர் நம்பிக் காசு அனுப்ப முதல் காரணம் அதுதான்.

அடுத்தது ஜி.எஸ்.டி. எல்லையோரக் கடைக்காரர்கள் வழுக்கி விழும் இடம் இது. பொருள் விற்பவருக்கு வருஷத்துக்கு 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள். தமிழ்நாட்டுக்குள் விற்கும்வரை அது சரி. வரி உள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு அனுப்பி விற்றால் அந்த வரம்பு பொருந்தாது. முதல் பாக்கெட்டுக்கே பதிவு வேண்டும். பாறசாலை நமக்கு நடந்து போகும் தூரமாக இருக்கலாம், சட்டத்துக்கு அது வெளிமாநிலம். பாறசாலைக்காரர் நம் கடைக்கு வந்து கவுண்டரில் வாங்கிப் போனால் அது உள்ளூர் விற்பனை, பில்லில் அவருடைய கேரள முகவரியை எழுதாதவரை. நாம் பார்சல் போட்டால் கதை மாறிவிடும். காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டுவது) இருப்பவர்கள் வெளிமாநிலத்துக்கு அனுப்பவே கூடாது. ரீலில் "கேரளம் முழுவதும் டெலிவரி" என்று எழுதுமுன் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஜி.எஸ்.டி. பதிவுக்கு அரசுத் தளத்தில் கட்டணம் எதுவும் கிடையாது. பான், ஆதார், ஃபோட்டோ, கடை வாடகை ஒப்பந்தமும் கரண்ட் பில்லும், வங்கிப் பாஸ்புக் பக்கம் வேண்டும். கரண்ட் பில் கட்டட உரிமையாளர் பெயரில் இருந்தால் அவரிடமிருந்து சம்மதக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அதற்கே பத்து நாள் அலைச்சல். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவும் இலவசம்தான், ஆதாரும் பானும் போதும். அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் கேட்கும் தனியார் தளங்கள் தேடலில் மேலே வந்து நிற்கும். முகவரியின் கடைசியில் அரசுத் தளத்துக்கான .gov.in என்ற குறி இருக்கிறதா என்று பார்த்த பிறகே விவரம் கொடுங்கள்.

இதற்கெல்லாம் மூன்று வாரம் ஒதுக்குங்கள்.

2. எல்லாக் கணக்கும் உங்கள் பெயரில் இருக்கட்டும்

என்னிடம் ஒருவர் வந்து, மாதம் 4,000 ரூபாய்க்கு எல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்றார். மூன்று மாதம் கொடுத்தேன். பேஜை அவருடைய ஃபேஸ்புக் கணக்கிலிருந்து தொடங்கியிருந்தார், இன்ஸ்டாகிராம் அவருடைய மெயிலில் இருந்தது. பாலோயர்ஸ் ஆயிரக்கணக்கில் ஏறினார்கள். யாரென்று பார்த்தால் எல்லாம் வட மாநிலத்துப் பெயர்கள், ஒருவர்கூட ஒரு பாக்கெட் வாங்கவில்லை. நிறுத்திக்கொள்ளலாம் என்றதும் பாஸ்வேர்டு மாறிவிட்டது. ஓணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என் கடைப் பெயரில் இருந்த பேஜுக்குள் என்னால் நுழைய முடியவில்லை. அதில் ஆர்டர் கேட்டு வந்த செய்திகள் பதில் இல்லாமல் கிடந்தன.

அதனால் இதை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். கடைக்கென்று தனி சிம், உங்கள் ஆதாரில் வாங்கியதாக இருக்க வேண்டும். வேலைக்கு இருக்கும் பையன் பெயரில் வேண்டாம். கடைக்கென்று தனி மெயில். ஃபேஸ்புக் பேஜ் உங்கள் சொந்தக் கணக்கிலிருந்தே தொடங்கி, முழுக் கட்டுப்பாடும் உங்களிடம் இருக்கட்டும். விளம்பரக் கணக்கும் அப்படியே. வெளியாள் வேலை பார்த்தால் அவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள், பாஸ்வேர்டு கொடுக்காதீர்கள். அனுமதியை எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். எல்லாவற்றுக்கும் இரட்டைச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்பது) போட்டு, அப்போது தரும் காப்புக் குறியீடுகளைப் பேப்பரில் எழுதிப் பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள். ஃபோன் தொலைந்த அன்று அந்தப் பேப்பர்தான் உதவும்.

இந்த வேலைக்கு ஒரு நாள் போதும், செலவு சிம்முக்கு மட்டும்.

3. கூகுள் மேப்பில் கடையை ஏற்றுங்கள்

இன்ஸ்டாகிராமுக்கு முன்னால் இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கன்னியாகுமரிக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே போகும் காரில் இருப்பவர், பக்கத்தில் சிப்ஸ் கடை எங்கே என்று மேப்பில்தான் தேடுவார். அவர் வாங்கும் எண்ணத்தோடு தேடுகிறார். இன்ஸ்டாகிராமில் நம்மைப் பார்ப்பவர் பொழுதுபோக்காகப் பார்க்கிறார்.

கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் முழுக்க இலவசம். யாராவது ஃபோன் செய்து, பணம் கட்டாவிட்டால் மேப்பிலிருந்து கடையை எடுத்துவிடுவோம் என்றால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

பெயர் போடும்போது கவனம். போர்டில் என்ன இருக்கிறதோ அதை மட்டுமே போடுங்கள். நான் போர்டுப் பெயரோடு "களியக்காவிளை பெஸ்ட் சிப்ஸ்" என்றும் சேர்த்திருந்தேன். சரிபார்ப்பில் தள்ளிவிட்டார்கள். பெயரில் இப்படிச் சேர்த்தால், ஏற்ற பிறகும் முடக்குவார்கள்.

சரிபார்ப்பு இப்போது பெரும்பாலும் வீடியோவில்தான். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டத்தில், அரை நிமிஷத்துக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். மூன்று விஷயம் அதில் தெரிய வேண்டும்: கடை இருக்கும் இடம், அது நிஜக் கடைதான் என்பது, அதை நடத்துபவர் நீங்கள்தான் என்பது. இரண்டாம் தடவை நான் எடுத்தது இப்படி. எதிர்ச்சாரியில் நின்று ரோட்டையும் பக்கத்து மருந்துக்கடை போர்டையும் காட்டினேன். அப்படியே நடந்து வந்து எங்கள் போர்டின் முன் ஐந்து விநாடி நின்றேன். சாவி போட்டு ஷட்டரைத் தூக்கி உள்ளே போய், அடுப்பு, எண்ணெய்ச் சட்டி, கண்ணாடி டப்பாக்களைக் காட்டி, கல்லாப்பெட்டியைத் திறந்து, கடைசியில் கடைப் பெயர் உள்ள எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சான்றிதழின் அருகில் ஃபோனைக் கொண்டுபோனேன். காலை ஏழு மணிக்கு எடுத்தால் கூட்டமும் இருக்காது, வெளிச்சமும் நன்றாக இருக்கும். நான்கு நாளில் ஒப்புதல் வந்தது.

ஏறிய பிறகு பண்டிகை நாள் நேரத்தைத் தனியாகப் போட மறக்காதீர்கள். நமக்கு இரண்டு பக்கமும் லீவு வேறு வேறு. பொங்கலுக்கு நாம் அடைப்போம், அது தெரியாமல் அந்தப் பக்கத்திலிருந்து வருவார்கள். பூட்டிய கடை முன்னால் நின்றவர் திரும்ப வருவது அரிது.

ரிவியூ கேட்கலாம், தவறில்லை. ஆனால் ரிவியூ போட்டால் தள்ளுபடி என்று சொல்லக் கூடாது, கூகுள் விதியில் அது தடை. ஒருவர் ஒரு ஸ்டார் கொடுத்துவிட்டால் சண்டைக்குப் போகாதீர்கள். ஆனி மழையில் ஒரு தடவை எங்கள் சிப்ஸ் நமுத்துப் போனது, அதை எழுதிவிட்டார்கள். "அந்த வாரம் பாக்கெட் ஒட்டும் மிஷினில் கோளாறு. சரிசெய்துவிட்டோம். அடுத்த முறை வரும்போது சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம்" என்று அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். அந்தப் பதிலைப் படித்துவிட்டு வந்ததாகவே இரண்டு பேர் சொன்னார்கள்.

4. வாட்ஸ்அப் பிசினஸ்

தனி சிம்மில் வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள், இலவசம். அதில் உள்ள கேட்டலாக்கில் பொருள் படம், எடை, விலை எழுதி வைத்தால் தினமும் ஐம்பது பேருக்கு ஒரே பதிலைத் தட்டச்சு செய்ய வேண்டாம். அடிக்கடி வரும் கேள்விகளுக்குப் பதில்களைச் சேமித்து வைக்கும் வசதியும் உண்டு. எனக்கு அதிகம் வரும் கேள்வி "எத்ர திவசம் கேடாகாதெ இரிக்கும் சேச்சி?" (எத்தனை நாள் கெடாமல் இருக்கும் அக்கா?). அதற்கு ஒரு பதில் தமிழில், ஒன்று மலையாளத்தில்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் எண்ணைத் தங்கள் ஃபோனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். அதனால் பில் கொடுக்கும்போதே "நம்பரை சேவ் பண்ணிக்கிடுங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். யாரிடமிருந்தோ நம்பர் பட்டியல் விலைக்கு வாங்கி அனுப்பவே கூடாது. பலர் புகார் சொன்னால் நம்பரே முடங்கலாம், அதோடு அத்தனை வாடிக்கையாளரும் போவார்கள். நான் பிராட்காஸ்ட் மாதம் இரண்டுதான் அனுப்புகிறேன். ஸ்டேட்டஸ் தினமும் வைக்கிறேன். காலையில் முதல் சட்டி இறக்கியதும் ஒரு படம், நேரம் எழுதி. எங்களுக்கு இன்ஸ்டாகிராமைவிட இந்த ஸ்டேட்டஸில்தான் அதிக ஆர்டர்.

5. எந்தப் பெயரில், எந்த மொழியில்

எங்கள் சரக்கு ஒன்றுதான், பெயர் நாலு. நம் ஊரில் ஏத்தங்காய் சிப்ஸ். மதுரை, சென்னைக்காரர்கள் நேந்திரங்காய் சிப்ஸ் என்று தேடுவார்கள். அந்தப் பக்கம் உப்பேரி என்பார்கள், காய வறுத்தது என்பார்கள். ஒரு பெயரை மட்டும் எழுதினால் மற்றவர்கள் தேடலில் நீங்கள் இல்லை. கேட்டலாக்கிலும் ரீல் எழுத்திலும் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுங்கள்.

ஒரே சொல் இரண்டு பக்கமும் வேறு பொருள் தருவதும் உண்டு. சர்க்கர என்றால் மலையாளத்தில் வெல்லம், நமக்குச் சர்க்கரை என்றால் சீனி. "சர்க்கரை வரட்டி" (வெல்லப்பாகில் புரட்டிய ஏத்தங்காய்த் துண்டு) என்று மட்டும் எழுதியிருந்ததைப் பார்த்துத் திருநெல்வேலி வாடிக்கையாளர் ஒருவர் சீனி போட்டதா என்று கேட்டு, வேண்டாம் என்று போய்விட்டார். இப்போது தமிழில் "வெல்லமும் சுக்கும் சேர்த்த சர்க்கரை வரட்டி" என்று எழுதுகிறோம். மலையாளத்தில் நானாக எழுதப் போய், வெல்லத்துக்கு ஒரு எழுத்து மாறி, "தண்ணீர் சேர்த்தது" என்று அர்த்தம் வரும்படி மூன்று நாள் பதிவு கிடந்தது. பேசத் தெரியும் என்பதற்காக எழுதத் தெரியும் என்று இருந்துவிடாதீர்கள். மொழிபெயர்ப்பு ஆப்பையும் அப்படியே நம்பாதீர்கள். பாறசாலையிலிருந்து வரும் ஒரு டீச்சரிடம் இப்போதெல்லாம் காட்டிவிட்டுத்தான் போடுகிறேன், இரண்டு நிமிஷ வேலை. தேங்காய் எண்ணெயை "வெளிச்செண்ண" என்று அவர் மாற்றிய பிறகு அந்தப் பக்க ஆட்கள் கேட்பது கூடியது.

6. ரீல்ஸ் எடுக்கும்போது

இன்ஸ்டாகிராமில் பிசினஸ் கணக்காக மாற்றி, ஃபேஸ்புக் பேஜோடு இணையுங்கள். விலை உயர்ந்த கேமரா வேண்டாம். 600 ரூபாய்க்கு ஒரு ஸ்டாண்ட் வாங்கினேன், அதுவே போதுமானது.

சினிமாப் பாட்டு போடாதீர்கள். பிசினஸ் கணக்குக்குப் பெரும்பாலான பாட்டு கிடைக்காது. வேறு வழியில் ஒட்டினால் சத்தத்தை எடுத்துவிடுவார்கள், அந்த ரீலை விளம்பரமாகவும் போட முடியாது. நம் கடைச் சத்தத்தை விட்டுவிட்டு எதற்குப் பாட்டு? அம்மா சீவுகட்டையைச் சட்டிக்கு மேலேயே பிடித்துக் காயைச் சீவுவாள், வட்டம் வட்டமாக நேராக எண்ணெயில் விழும். பாதி வெந்ததும் மஞ்சள் கலந்த உப்புத் தண்ணீரை ஒரு கரண்டி ஊற்றுவாள். சட்டி சடசடவென்று பொங்கி அடங்கும். இருபது விநாடிதான். இதுவரை போட்டதில் அதிகம் பேர் பார்த்தது அதைத்தான். உங்கள் தொழிலிலும் இப்படி ஒரு கை வேலை இருக்கும், தினமும் பார்த்துப் பழகியதால் உங்களுக்குப் பெரிதாகத் தெரியாது. அதை எடுங்கள்.

வாரம் இரண்டு போதும், ஆனால் விடாமல் போடுங்கள். நேரத்தை ஊகிக்க வேண்டாம், உங்கள் பாலோயர்ஸ் எந்த நேரத்தில் இருக்கிறார்கள் என்பதை ஆப்பே காட்டும். "சுகர் வராது", "கொழுப்பே இல்லை" என்று எழுதாதீர்கள். உணவுப் பொருளில் இப்படிப் பொய்யாக அளப்பது சட்டப்படி குற்றம். வாடிக்கையாளர் முகம் வந்தால், முக்கியமாகக் குழந்தைகள் என்றால், கேட்ட பிறகே போடுங்கள்.

7. காசு கொடுத்து விளம்பரம்

மேலே சொன்ன ஆறும் முடிந்த பிறகே இங்கே வாருங்கள். மேப்பும் வாட்ஸ்அப்பும் இல்லாமல் விளம்பரம் போட்டால், விளம்பரம் பார்த்து வருபவர் போய் நிற்க இடம் இல்லை.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு ஒரு நாளைக்கு 200 ரூபாய், ஐந்து நாள். அதற்கு மேல் முதல் தடவை போகாதீர்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி, ஆக 1,180 ரூபாய். ஆப்பிள் ஃபோன் ஆப்பில் "பூஸ்ட்" (பதிவை விளம்பரமாக்கும் பொத்தான்) அழுத்தினால் ஆப்பிள் கமிஷன் வேறு சேரும், பிரவுசர் வழியாகப் போனால் அது இல்லை. விளம்பரத்தின் நோக்கமாக வாட்ஸ்அப்புக்குச் செய்தி வருவதைத் தேர்ந்தெடுங்கள். லைக்கும் பாலோயரும் கேட்டால் அதுதான் கிடைக்கும்.

இடம் போடுவதில்தான் நம் ஊருக்கென்று ஒரு சூட்சுமம். "தமிழ்நாடு" என்று போட்டால் பணம் சென்னை, கோவைக்கு ஓடிவிடும். கடை மேல் பின் குத்தி 15 கிலோமீட்டர் சுற்றளவு கொடுங்கள். மார்த்தாண்டமும் வரும், நெய்யாற்றின்கரையும் வரும். பிறகு இதையே இரண்டு விளம்பரமாகப் பிரியுங்கள். ஒன்றில் கேரளத்தை விலக்கித் தமிழில், மற்றொன்றில் தமிழ்நாட்டை விலக்கி மலையாளத்தில். மொழி என்ற கட்டத்தை மட்டும் காலியாக விடுங்கள். அது ஆப்பை எந்த மொழியில் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கும், பேசும் மொழியைப் பார்க்காது. நம் பக்கத்தில் ஆப்பை ஆங்கிலத்தில் வைத்திருப்பவர்களே அதிகம், தமிழ் என்று குறித்தால் அவர்கள் எல்லோரும் விடுபடுவார்கள்.

போட்ட பிறகு மூன்று நாள் கை வைக்காதீர்கள். நடுவில் மாற்றினால், யாருக்குக் காட்டலாம் என்று ஆப் கற்றுக்கொள்வது மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஐந்தாம் நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள்: வந்த செய்தி எத்தனை, ஆர்டர் எத்தனை, செலவு போக மிச்சம் என்ன. ஆர்டர் ஒன்றுக்கான விளம்பரச் செலவு, பாக்கெட்டில் கிடைக்கும் லாபத்தைவிடக் கூடுதலாக இருந்தால் படத்தை மாற்றுங்கள், தொகையை ஏற்றாதீர்கள்.

8. பெயர் வெளியே தெரிந்ததும் வரும் ஏமாற்றுக்காரர்கள்

ராணுவ முகாமிலிருந்து பேசுகிறேன், ஐம்பது கிலோ வேண்டும் என்று ஒருவர் அழைப்பார். பணம் அனுப்ப ஒரு கியூஆரை ஸ்கேன் செய்யச் சொல்வார். பணம் வாங்க நாம் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டாம், பின் நம்பரும் போட வேண்டாம். பணம் கட்டியதாக ஸ்கிரீன்ஷாட் வந்தால் வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்துவிட்டுப் பார்சல் கட்டுங்கள். "உங்கள் பேஜ் 24 மணி நேரத்தில் நீக்கப்படும், இந்த லிங்கை அழுத்துங்கள்" என்று மெட்டா (ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனம்) பெயரில் வரும் செய்திகளைத் திறக்கவே வேண்டாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

9. ஓணத்துக்கு எப்போது தொடங்குவது

எங்களுக்கு வருஷ வியாபாரத்தில் பெரும் பங்கு இந்த ஒரு மாதம். அத்தத்திலிருந்து திருவோணம் வரை பத்து நாள். அந்தப் பக்கம் அரசு ஊழியர்களுக்குப் போனஸும் பண்டிகைப் படியும் ஓணத்துக்கு முன்பே வந்துவிடும், கையில் காசு இருக்கும் நேரம். ஆனால் அத்தத்தன்று விளம்பரம் போட்டால் தாமதம். திருவோணத்துக்கு ஐந்து வாரம் முன்பே சர்க்கரை வரட்டி ரீலை எடுத்துவிடுங்கள். மூன்று வாரம் முன்பு மலையாள விளம்பரத்தைத் தொடங்குங்கள். அலுவலகங்களுக்கும் குடியிருப்போர் சங்கங்களுக்கும் மொத்த ஆர்டர் பேசுவதும் அதே வாரத்தில். எல்லை தாண்டி மொத்தமாக அனுப்பும் சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஆன்லைன் ரசீது) வேண்டும், வண்டி கிளம்பும் முன்பே எடுத்து வையுங்கள்.

பார்சல் ஆர்டரை உத்திராடத்துக்கு (திருவோணத்துக்கு முந்தைய நாள்) ஐந்து நாள் முன்பே நிறுத்துங்கள். அந்த வாரம் கூரியர் எல்லோருக்கும் தாமதமாகும். ஓணம் கழிந்து போய்ச் சேரும் உப்பேரியை யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். நிறுத்திய அன்று விளம்பரத்தையும் நிறுத்திவிட்டு, ஸ்டேட்டஸில் "இனி கடையில் நேரில் மட்டும், இரவு பத்து வரை" என்று இரண்டு மொழியிலும் போட்டு, மேப்பிலும் அந்த நேரத்தை மாற்றிவிடுங்கள்.